தொண்டையைப் பார்க்காதே

மார்ச் 5, சாம்பல் புதன்

வீட்டுக்குள் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தலைச்சுமையாகக் கருவாடு விற்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தொண்டைதான் எனக்கு முதலீடு. அதைப் பூட்டச் சொன்னால் கோபத்தை எங்கே கொட்டுவது? மருந்துக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. இதில் கொட்டுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கமும் தளர்ந்த நடையும் பழகிவிட்டன. இப்போது நோய் தொண்டைக்கு வந்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் புரையேறுகிறது. தூத்துக்குடியிலிருந்து பெங்களூர்வரை உப்பு லாரி ஓட்டிய ஆள், இப்போது போட்டிருக்கும் சட்டைக்குள் இன்னொருவர் நுழையலாம்.

டாக்டர் சொன்னார்: “சாப்பாடு நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வந்துரும்மா. வயித்துல சின்னதா துவாரம் போட்டு ஒரு குழாய் வச்சிரலாம். வேண்டியத அது வழியா ஊத்திரலாம். உங்களுக்கும் வேலை மிச்சம்.”

வேலை மிச்சமாம். நான் வேலை மிச்சம் பிடிக்கவா அங்கே போனேன்?

இவர் தலையை ஆட்டினார். “நோயினால ஆடுதா, வேண்டாம்ங்கிறாரா?” என்று டாக்டர் என்னிடம் கேட்கிறார். இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவளுக்கு அதுகூடவா தெரியாது! “வேண்டாம்ங்கிறாரு” என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. கடைசியில், ஈஸ்டர் கழித்து வாருங்கள், அதற்குள் எடை இன்னும் இறங்கியிருந்தால் குழாய்தான் என்று முடித்துவிட்டார்.

அடுத்த அறையில் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண், நஸ்ரின் என்று பெயர், இவருக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம், “வீட்டுல என்ன கொடுக்கறீங்க?” என்றாள்.

“கஞ்சி. பின்னே, சீக்காளிக்குப் புரோட்டாவா கொடுப்பாங்க?”

“கஞ்சிதான்மா இவருக்கு ரொம்ப ஆபத்து. தண்ணி முந்தி ஓடிரும், பருக்கை பின்னாடி நிக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல சமாளிக்க இவரு தொண்டையால முடியாது. எது கொடுத்தாலும் ஒரே பதமா, கரண்டியக் கவுத்தினா விழாத கெட்டியா இருக்கணும். தண்ணிகூட நான் தர்ற பொடியப் போட்டுக் கெட்டியாக்கித்தான்.”

நேராக உட்கார வேண்டும். தாடையைக் கீழே இறக்கி விழுங்க வேண்டும். தொண்டை மேலே ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். டிவி கூடாது, சத்தம் கூடாது.

ஆறு மாதமாக இந்த வீட்டில் கஞ்சி ஓடியிருக்கிறது. தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் கஞ்சி கொடு, கஞ்சி கொடு என்றார்கள். அத்தனை பேரையும் நடுவீதியில் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும்.

மார்ச் 6

கஞ்சிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 8

பக்கத்து வீட்டு டெல்சி வந்தாள். இவருடைய தங்கை. கையில் தூக்குவாளி.

“மைனி, அண்ணனுக்குக் கஞ்சி. பாசிப்பயறு போட்டு, நல்லாக் கொழைய விட்டிருக்கேன்.”

வாளியை வாங்கி வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

“என்ன மைனி இது!”

“இனிமே இந்த வாசல் வழியாக் கஞ்சி வரக் கூடாது. கொண்டு வந்தா வாளியும் திரும்பி வராது.”

“எங்க அண்ணனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?” என்று மூக்கைச் சிந்தினாள். இவள் அழுதால் அழுது முடிக்க அரை மணி ஆகும். கருவாட்டுக் கிட்டங்கியில் சரக்கு ஏற்றத் திண்டுக்கல் லாரி நிற்கிறது. தவக்காலம் வந்தால் கருவாட்டுக்கு ஊரெல்லாம் ஆள். அழுகையை அவளோடு விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

மார்ச் 11

சோறு, மீன், கேரட், கீரை எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒன்றாகப் போட்டு அரைத்தேன். சத்து எல்லாம் ஒரே கரண்டியில் போய்விடும் என்று கணக்கு. துறைமுகத்தில் தூர் வாரி எடுத்துப் போடுவார்களே, அந்தச் சேற்றின் நிறத்தில் வந்தது. இவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நான் தாடையைப் பிடித்தேன். மூடினது மூடினதுதான்.

மகன் ரோஷன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தான். “குழாய் வச்சிருவோம்மா. இப்பல்லாம் சாதாரணம்.” உனக்கு முதலில் வைப்போமா, சாதாரணமா இல்லையா என்று பார்த்துவிட்டு அப்புறம் அப்பாவுக்கு வைப்போம் என்றேன். சிக்னல் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டான்.

மார்ச் 12

கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புத்திக்கு உறைத்தது. நெத்திலியும் சாளையும் வாளையும் கலந்து கிடக்கிற சரக்கை எந்த வியாபாரியாவது தொடுவானா? பிரித்து, தனித்தனியாகக் குவித்து வைத்தால்தான் கை நீளும். வயிற்றுக்குள் போய் எல்லாம் ஒன்றாகும் என்பது வயிற்றின் சமாச்சாரம். வாங்குகிறவன் கண்ணுக்கு அது வேண்டியதில்லை.

இன்றைக்குச் சேனையைத் தனியாக வேகவைத்து மசித்து வைத்தேன். பரங்கிக்காய் தனி. பருப்பு தனி. ஒரு தட்டில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று குவியல். இவர் பார்த்தார். பரங்கிக்காய் பக்கம் கை காட்டினார்.

ஆறு வாய்க்கு மேல் வாங்கவில்லை. ஆனால் அந்த ஆறும் புரையேறாமல் போனது.

மார்ச் 15

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சீலாக் கருவாட்டை வேகவைத்து, முள் ஒன்றுகூட இல்லாமல் எடுத்து அரைத்து, புளியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சல்லடையில் தேய்த்து வடிகட்டி, மறுபடி சுண்ட வைத்தேன். புளிப்பும் காரமும் பட்டால் தொண்டை விழித்துக்கொள்ளும் என்று நஸ்ரின் போனில் சொன்னாள். படித்த பிள்ளை, கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்தும் என்று நினைத்தேன். “எனக்கும் கொஞ்சம் எடுத்து வைங்கம்மா” என்கிறாள்.

வாசனை எழுந்ததும் இவர் அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினார். அது போதும் என்று இருந்தது.

உட்கார வைத்து, முக்காலியை எதிரே இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊட்டினேன். சன்னலைச் சாத்தினேன், மின்விசிறியைக்கூட நிறுத்தினேன். கோயிலில்கூட அவ்வளவு அமைதி இருக்காது. ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறுகிறதா என்று பார்த்தேன். “முழுங்குங்க. தாடைய இறக்குங்க. முழுங்கியாச்சா? எங்க, வாயத் திறங்க பாப்போம்.” எல்லாம் அவள் சொன்னபடி. நாலு வாய்க்கு மேல் வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் குழம்புக்கு நான் காலையிலிருந்து நின்றிருக்கிறேன்! மீதியை நானே குழாயடியில் ஊற்றினேன்.

மார்ச் 20

மூன்று வாய். கொச்சியிலிருந்து வந்த வியாபாரியிடம் உப்புப் பூத்த பழைய வாளையைக்கூட விற்றுவிட்டேன். இவருக்கு ஒரு கரண்டி மாம்பழக் கூழ் விற்க முடியவில்லை.

மார்ச் 22

கிட்டங்கியிலிருந்து வர நேரமாகிவிட்டது. டெல்சியிடம் சாவி இருக்கிறது. வந்து பார்த்தால் நான் மூடி வைத்துவிட்டுப் போன தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

“அண்ணன் சாப்பிட்டாச்சு மைனி.”

“முழுசுமா?”

“முழுசும்.”

பொய். இவளே தின்றிருப்பாள், இல்லாவிட்டால் பூனைக்குப் போட்டிருப்பாள். குப்பை வாளியைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 23

பூனையைக் கேட்க முடியாது.

மார்ச் 27

இன்று வேண்டுமென்றே சீக்கிரம் வந்தேன். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, சன்னல் வழியாகப் பார்த்தேன்.

இவர் மேசையில் நேராக உட்கார்ந்திருக்கிறார். குழம்பு பரிமாறும் கனத்த கரண்டி, அது இவர் கையில். நடுங்குகிறது, பாதி சட்டையில். பாதி வாய்க்குள். டெல்சி பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டில் சோறு பிசைந்துகொண்டே, வாசலைப் பார்த்தபடி கதை அளக்கிறாள். தையல்காரர் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை. இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! மூச்சு முட்டி இவர் மேசையில் கவிழ்ந்தாலும் அவள் தையல்காரர் வீட்டில்தான் இருந்திருப்பாள்.

உள்ளே போனேன். “ஏட்டி, பாக்காம என்னட்டி பேச்சு? அவருக்குப் புரையேறினா உங்க தையக்காரனா வருவான்?”

“நல்லாத்தான மைனி சாப்பிடுதாவ.”

“நல்லா? சட்டையப் பாரு. கரண்டிய எதுக்குக் கையில கொடுத்த?”

“அண்ணன்தான் கேட்டாவ.”

கேட்டாராம். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தட்டில் இன்னும் பாதி இருந்தது.

மார்ச் 28

அப்படி என்ன கதை அது? தையல்காரர் மருமகள் திரும்பி வந்தாளா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 1

இவருடைய குரல் இப்போது ஊதுபத்திப் புகை மாதிரி, பக்கத்தில் போனால்தான் உண்டு. மதியம் மூன்றாவது வாயில் கையைத் தூக்கி என் மூக்குக்கண்ணாடியைத் தொட்டார்.

“சலேத்து.”

“என்ன?”

“தொண்டையப் பாக்காத.”

“பாக்காம? அந்தப் பிள்ள பாக்கச் சொல்லியிருக்கு.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “சரக்கு பாக்குத மாதிரி பாக்குத. முழுங்க வரமாட்டேங்குது.”

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இராப்பகலாக இவருக்காக அரைக்கிறேன், வடிகட்டுகிறேன், மசிக்கிறேன். நான் பார்க்கக் கூடாதாம். ஊர்க்கதை பேசுகிறவள் பக்கத்தில் உட்காரலாமாம். “பாக்காம விட்டு நீங்க செத்துப்போனா?” என்று கேட்டுவிட்டேன்.

இவர் சிரித்தார். இந்த நோய்க்காரர்களுக்கு முகம் அசையாது, சிரிப்பு தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 2

அடுக்களையில் நின்றபடி சாப்பிட்டேன். கொஞ்ச நாளாக அப்படித்தான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டுக் குருத்தோலையோடு வருகிறேன். வாசலிலேயே இருமல் சத்தம்.

டெல்சி இவருக்குக் கஞ்சித் தெளிவு கொடுத்திருக்கிறாள். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று உப்புப் போட்டு, டம்ளரில்! இவர் இருமி இருமி முகம் நீலம் பாரித்துக் கிடக்கிறார். இவள் உச்சந்தலையில் தட்டிக்கொண்டு, “யாரோ நினைக்கிறாவ, யாரோ நினைக்கிறாவ” என்று சொல்லியபடி அடுத்த டம்ளர் பச்சைத் தண்ணீரை வாயில் வைக்கிறாள். தட்டிவிட்டேன். டம்ளர் சுவரில் போய் மோதியது. இவரை முன்னால் சாய்த்துப் பிடித்தேன். வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. சாயங்காலம் காய்ச்சல். ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 15

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் லேசாகச் சளி கட்டியிருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழாய்க்குத் தேதி போடலாமா என்று அதே டாக்டர். ஈஸ்டர் கழித்து என்றுதானே பேச்சு, பேச்சு பேச்சாக இருக்கட்டும் என்றேன்.

டெல்சி வாசலில் நின்றாள். சாவியைக் கேட்டு வாங்கினேன்.

“கொல்லப் பாத்தியேட்டி உங்க அண்ணன. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கஞ்சி கூடாதுன்னு.”

அவள் அழவில்லை. அதுதான் ஆச்சரியம். “கூடாதுன்னிய. ஏன் கூடாதுன்னு ஒரு நாளாவது சொன்னியளா மைனி? வாய்க்கால்ல கொட்டுனிய, அம்புட்டுத்தான். என் மேல உள்ள வைராக்கியத்துல சொல்லுதியன்னு நான் நினைச்சேன். ஆறு மாசமா நீங்களும் அதத்தான கொடுத்திய?”

கதவைச் சாத்திவிட்டேன்.

ஏப்ரல் 17

நேற்றும் இன்றும் ஒன்றும் உள்ளே போகவில்லை. வாயில் வைத்தால் அப்படியே வைத்திருக்கிறார், விழுங்கவில்லை. பயந்திருப்பார் என்கிறாள் நஸ்ரின். எதைப் பார்த்து? நான் எதிரிலேயேதான் இருக்கிறேன்.

ரோஷன் மறுபடி. “அம்மா, பட்டினி போட்டா கொல்லப் போறிய?” இந்தத் தடவை சிக்னல் கிடைக்கவில்லை என்று நான் வைத்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயில் வளாகத்தில் வருஷா வருஷம் இன்றைக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். பெரிய வீடு, குச்சு வீடு, படகு வைத்திருப்பவன், வலை இழுப்பவன் எல்லோரும் ஒரே பந்தல் நிழலில் அந்தக் கஞ்சியைத்தான் குடிப்பார்கள். போன வருஷம் இவரும் வரிசையில் நின்றார்.

எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார்கள். குடிக்கப் பிடிக்கவில்லை. பந்தல் ஓரத்தில் டெல்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கிண்ணமும் நிறைந்து அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

போய் எதிரே நின்றேன். “எழும்பு.”

“எதுக்கு?”

“உங்க அண்ணன் மூணு நாளாச் சாப்பிடல.”

“அதுக்கு நான் வரணுமா? நான்தான் கொலகாரியாச்சே.”

“கொலகாரிதான். எழும்பு. கிண்ணத்தையும் எடு.”

வழியெல்லாம் சண்டைதான். நடந்துகொண்டே தண்ணீர் ஏன் கூடாது, பருக்கை ஏன் கூடாது, தலையில் தட்டினால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். “இத மொதல்லயே சொன்னா வாய் வலிச்சிருக்குமோ?” என்றாள். “உனக்குச் சொன்னா மட்டும் மண்டையில ஏறிருக்குமோ?” என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணத்தையும் துணியில் ஊற்றித் தண்ணீரை இறுத்தேன். சோற்றையும் பயற்றையும் சேர்த்து, வெண்ணெய் மாதிரி வரும்வரை அரைத்தேன். தேங்காய்த் துவையலை அரைத்துச் சல்லடையில் தேய்த்துப் பக்கத்தில் தனியாக வைத்தேன். கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. மூன்று தட்டு. மூன்றிலும் அதுவே. எனக்கும் டெல்சிக்கும் தனியாகச் சமைக்க இன்றைக்கு யாருக்குத் தெம்பு?

இவரை நேராக உட்கார வைத்துக் கனத்த கரண்டியைக் கையில் கொடுத்தேன். முக்காலியை எதிரே போடவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். பார்த்தாலும் தெரியக் கூடாது.

டெல்சி ஒரு வாய் வைத்தாள். “ஏன் மைனி, உப்பே இல்ல!”

“கோயில் கஞ்சியில உப்பு குறைச்சல்னா சாமியாரப் போய்க் கேளு.”

“துவையல்லயும் இல்ல. இதையா எங்க அண்ணனுக்கு இத்தன நாளாக் கொடுத்திய?”

நானும் வாயில் வைத்துப் பார்த்தேன். இல்லைதான். அதற்காக இவளிடம் ஒத்துக்கொள்ள முடியுமா?

“உன் கல்யாணத்துல மட்டும் உப்பு இருந்துச்சா? சீலா மீன் குழம்புன்னு சொல்லிச் சாளைய ஊத்துனது யாரு?”

“சாளையா? யாரு சொன்னா சாளைன்னு?”

“மீன்காரிகிட்ட சொல்லுதியாட்டி? முள்ளப் பாத்தாலே எனக்குத் தெரியும். உங்க மாமியா எண்ணி எண்ணிப் போட்டா. ஆளுக்கு ஒரு துண்டு. மாப்பிள்ளைக்கு மட்டும் தலை.”

“என் மாமியாள இழுக்காதிய மைனி. நீங்க அன்னைக்கு மட்டும் மூணு பந்தியில உக்காந்திய!”

“ரெண்டு!”

“மூணு! கடைசிப் பந்தியில எதிர்ல மாலையோட உக்காந்திருந்தது நான்தான்!”

மேசையைத் தட்டித் தட்டி இன்னும் என்னென்னவோ பேசினோம். அவள் சின்ன மகன் ஞானஸ்நானத்துக்கு நான் போகாதது. என் மாமனார் வீட்டை யார் பெருக்கியது என்பது. மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு குரல்.

“பெறகு?”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். சட்டையெல்லாம் துவையல். தட்டில் ஒரு பொட்டு இல்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

டெல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய் அடுக்களையில் மிச்சமிருந்ததை வழித்து, இந்தத் தடவை உப்புப் போட்டுக் கொண்டு வந்தேன். கண்ணில் புகை பட்டது. இன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆட்டுக்கறியை எலும்பில்லாமல் அரைத்து, இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவிட்டு அரைத்து, தனித்தனிக் குவியல். சண்டை: டெல்சி என்னிடம் இரவல் வாங்கிக் கிழித்த பட்டுப்புடவை. இவர் முழுவதும் சாப்பிட்டார். புடவையை அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே எனக்கு வயிறு எரிகிறது.

ஏப்ரல் 28

ஆஸ்பத்திரி. தராசில் நிறுத்தினார்கள். போன தடவையைவிட ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது. காய்ச்சல் வந்த ஆளுக்கு இது பெரிய விஷயம் என்கிறாள் நஸ்ரின். டாக்டர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “சரி, இப்போதைக்குக் குழாய் வேண்டாம். அடுத்த மாசம் பாப்போம். ஆனா இந்த நோய் நிக்காதும்மா. என்னைக்காவது தேவைப்படும்.” என்றைக்காவது என்றால் அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். இவர் வேண்டும் என்று தலையாட்டினால் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“என்னம்மா பண்ணீங்க?” என்று நஸ்ரின் கேட்டாள்.

“சண்டை போட்டோம்.”

விவரம் கேட்டுச் சிரித்தாள். பிறகு விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னாள்: “வாயில சாப்பாடு இருக்கும்போது மட்டும் அவரச் சிரிக்க வைக்காதீங்க.” அது எங்களுக்குத் தெரியாதா? இவர் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் டெல்சி அடுத்த ஏச்சை எடுக்கிறாள். அந்த மட்டுக்கு அவளுக்குப் புத்தி வந்திருக்கிறது.

ஏப்ரல் 30

கிட்டங்கிக்குக் காலையில் ஆள் அனுப்பிவிட்டேன், மதியம் வரமாட்டேன் என்று. வாழைப்பூவை வேகவைத்து அரைத்தாயிற்று. தயிர் கெட்டியாக இருக்கிறது. உப்புப் பார்த்தேன்.

கல்யாணம், ஞானஸ்நானம், புடவை எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒரே சண்டையைத் திரும்பப் போட்டால் இவர் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறார். புதுசு வேண்டும். காலையிலிருந்து யோசித்து ஒன்றைப் பிடித்துவிட்டேன். மாமியார் போன பிறகு அவர் சமைத்த அந்த வெங்கல உருளி எங்கே போயிற்று? டெல்சி வீட்டுப் பரணில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதோ தெரியும். இத்தனை வருஷம் நாகரிகம் பார்த்துக் கேட்காமல் இருந்தேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

கேட் திறக்கிற சத்தம். இவர் இப்போதே நிமிர்ந்து உட்கார்ந்து கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.